அபராதச் சீட்டு வந்த பிறகு: கட்டுவதா, மறுப்பதா, அவகாசம் கேட்பதா, விட்டுவிடுவதா?

போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் முதலில் தொகையின் மீதுதான் போகிறது. அதைவிட முக்கியமான விவரம் ஒன்று அதே தாளின் அடியிலோ மறுபக்கத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். பதில் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் அது. அந்த நாளுக்குள் ஒருவர் செய்யக்கூடியவை, எந்த நாட்டில் வண்டி ஓட்டினாலும், ஏறத்தாழ நான்குதான். தொகையைக் கட்டிவிடலாம், குற்றச்சாட்டை மறுத்து விசாரணை கோரலாம், கட்ட முடியவில்லை என்று சொல்லி அவகாசமோ தவணையோ கேட்கலாம், எதுவும் செய்யாமல் விட்டும்விடலாம். இவற்றில் நான்காவதைப் பலர் ஒரு முடிவாகவே கருதுவதில்லை. இன்னும் முடிவெடுக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டமோ கெடு முடிந்த மறுநாளே தன் போக்கில் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில் மற்ற மூன்று வழிகளும் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்குகின்றன என்பதால்தான் நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விட்டுவிட்டால் நடப்பது

முதலில் மாறுவது தொகை. இங்கிலாந்தில் தவறான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு உள்ளாட்சி மன்றங்கள் தரும் நிறுத்தல் அபராதத்தை 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். 28 நாட்கள் வரை முழுத்தொகை. அதன் பின்னும் கட்டாமல், மறுப்பும் தெரிவிக்காமல் இருந்தால் 50 சதவீதம் கூடுகிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் அது நீதிமன்றக் கடனாகப் பதிவு செய்யப்பட்டு, வசூல் அலுவலர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுடைய கட்டணமும் கடனோடு சேர்கிறது. பிரான்சில் சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற நான்காம் வகைக் குற்றத்துக்கு முன்கூட்டிக் கட்டினால் 90 யூரோ, உரிய காலத்துக்குள் கட்டினால் 135, காலம் கடந்தால் 375. இத்தாலியில் ஐந்து நாட்களுக்குள் கட்டுபவருக்கு 30 சதவீதம் குறைகிறது. 60 நாட்களைத் தாண்டினால் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே குற்றம், ஒரே வண்டி, ஒரே நாள். பதில் எப்போது வந்தது என்பது மட்டுமே தொகையை இரண்டு மூன்று மடங்காக மாற்றுகிறது.

ஆனால் பணம் கூடுவதை நான் பெரிய விளைவாகக் கருதவில்லை. குற்றத்தின் தன்மையே மாறிவிடுவதுதான் பெரிது. சிறிது வேகமாகப் போனதற்கோ தவறான இடத்தில் நிறுத்தியதற்கோ தொடங்கிய விவகாரம், பதில் தராமல் இருக்கும்போது, அதிகாரத்தின் அழைப்பை மதிக்காத விவகாரமாக மாறிவிடுகிறது. இந்த இரண்டாவது குற்றத்துக்கான தண்டனை பெரும்பாலும் முதலாவதைவிடக் கடுமையானது. இங்கிலாந்துச் சட்டத்தில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். கேமராவில் பதிவான வேக மீறலுக்கு, வண்டியை ஓட்டியவர் யார் என்று கேட்டு, பதிவு உரிமையாளருக்கு அறிவிப்பு வருகிறது. 28 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் தந்தால் வழக்கமான சிறிய வேக மீறலுக்கு 100 பவுண்டும் உரிமத்தில் ஏறும் மூன்று குற்றப் புள்ளிகளும்தான். தகுதியுள்ளவர்கள் அதற்கும் பதிலாக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகலாம். பதில் தராவிட்டால், தகவல் தர மறுத்த தனிக் குற்றத்துக்காக ஆறு புள்ளிகளும் 1,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கப்படுகின்றன. அதே நாட்டில் புதிதாக உரிமம் பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் வாங்கினால் அவருடைய உரிமம் ரத்தாகிறது. ஆக, புதிய ஓட்டுநர் ஒருவர் மூன்று புள்ளிகளோடு தப்பியிருக்க வேண்டிய இடத்தில், ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாததால் மட்டுமே உரிமத்தை இழந்து, மறுபடி தேர்வு எழுதி, வண்டி ஓட்டிக் காட்ட வேண்டிய நிலைக்கு வருகிறார்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த இரண்டாவது குற்றத்துக்கு ‘ஆஜராகத் தவறுதல்’ என்று பெயர். சீட்டில் குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வராமலும் தொகை கட்டாமலும் இருந்தால், நீதிபதி பிடியாணை பிறப்பிக்கலாம். உரிமமும் நிறுத்தி வைக்கப்படலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 15 நாட்களுக்குள் எந்த வழியையும் தேர்ந்தெடுக்காதவர் குற்றச்சாட்டை மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, அவர் இல்லாமலேயே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடலாம். சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமையும், படத்தைப் பார்த்து ‘இது என் வண்டி இல்லை’ என்று சொல்லும் உரிமையும் அந்தத் தீர்ப்போடு போய்விடுகின்றன.

அடுத்தது ஆவணங்கள். கட்டப்படாத அபராதம் வண்டியின் பதிவு எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் நிலுவை அபராதங்களைத் தீர்க்காமல் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. ஒன்டாரியோவில் எண் பலகைப் புதுப்பிப்பு மறுக்கப்படுகிறது. இந்தியாவில் இ-சலான் என்ற மின்னணு அபராதச் சீட்டின் நிலுவை பதிவுத் தரவில் தெரிவதால், பெயர் மாற்றத்துக்கோ வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்றுக்கோ விண்ணப்பிக்கும்போது வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. வண்டியை விற்க விலை பேசி, வாங்குபவர் முன்பணத்தோடு வந்து நிற்கும் நேரத்தில்தான் மூன்று ஆண்டுக்கு முந்தைய சலான்கள் வரிசையாகத் திரையில் வருகின்றன.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, உரிமம் நிறுத்தப்பட்டதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பது. வீடு மாறியிருப்பார்கள், புதிய முகவரியை உரிமத்திலும் பதிவுச் சான்றிலும் திருத்தியிருக்க மாட்டார்கள். அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போகும்; நினைவூட்டலும் அங்கேயே போகும்; நிறுத்தி வைத்த உத்தரவும் அங்கேயே போகும். சட்டத்தின் பார்வையில் பதிவான முகவரிக்கு அனுப்பியதே பெரும்பாலும் போதுமானது. பிறகு ஒரு நாள் வழக்கமான சோதனையில் நிறுத்தும்போது, செல்லாத உரிமத்தோடு ஓட்டியதாகக் குற்றவியல் வழக்குப் பதிவாகிறது. அதற்குள் விபத்து ஏதேனும் நடந்திருந்தால், செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்கவோ, பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை ஓட்டியவரிடமிருந்தே திரும்பக் கேட்கவோ இடம் ஏற்படுகிறது. சிறிய அபராதம் ஒன்று ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கும் அளவுக்கு வளர முடியும் என்று நான் சொல்வது இந்தச் சங்கிலியை மனதில் வைத்துத்தான்.

வேறு நாட்டிலோ வேறு மாநிலத்திலோ வாங்கிய அபராதம் ஊர் திரும்பினால் தொடராது என்ற நம்பிக்கையும் வலுவிழந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005-இல் செய்த ஏற்பாட்டின்படி 70 யூரோவுக்கு மேற்பட்ட அபராதத்தை ஒரு நாடு விதித்தால் மற்றொரு நாடு வசூலித்துத் தரலாம்; வண்டி உரிமையாளர் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள 2015-இன் வழிகாட்டுச் சட்டம் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை 1977-இல் உருவான ஒப்பந்தத்தில் இணைந்திருப்பதால், வேறு மாநிலத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட சீட்டுக்காகச் சொந்த மாநிலமே உரிமத்தை நிறுத்துகிறது. வாடகை வண்டி என்றால் இன்னும் எளிது. வாடகை நிறுவனம் ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளிடம் தந்துவிட்டு, அந்த வேலைக்காகத் தனிக் கட்டணத்தையும் அவருடைய அட்டையில் பிடித்துக்கொள்கிறது.

காலம் கடந்தால் வழக்கு தானாகச் செத்துவிடும் என்ற எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் சாதாரணப் போக்குவரத்து மீறல்களுக்கு அபராத உத்தரவு வருவதற்கு முன்பான காலவரம்பு மூன்று மாதங்கள்தான். இந்தியாவில் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள ஆறு மாத வரம்பு உண்டு. ஆனால் இந்த வரம்புகள் அதிகாரிகள் தூங்கிவிட்ட வழக்குகளுக்கு மட்டுமே உதவும். ஜெர்மனியில் விசாரணைக் கடிதம் ஒன்று புறப்பட்டாலே கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தியாவில் சலான் உரிய காலத்துக்குள் இணையவழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் அதன் பிறகு எத்தனை ஆண்டு கழிந்தாலும் அந்த வரம்பைக் காட்டித் தப்ப முடியாது. கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வெறும் காலக்கணக்கை நம்பியிருப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குச் சமம்.

உடனே கட்டுவது

குற்றம் நடந்தது உண்மை, தொகை கைக்கு எட்டுவது, உரிமத்தில் புள்ளிகள் குறைவு என்றால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடுவதே நல்லது. ஸ்பெயினில் 20 நாட்களுக்குள் கட்டினால் பாதி, அபுதாபியில் 60 நாட்களுக்குள் கட்டினால் 35 சதவீதத் தள்ளுபடி என்று, விரைவாகக் கட்டுபவருக்குச் சலுகை தருவதை இன்று பல நாடுகள் வழக்கமாக்கியிருக்கின்றன.

இதிலும் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது, பல நாடுகளில் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஸ்பெயினில் சலுகைத் தொகையைக் கட்டியவர் ஆட்சேபணை தெரிவிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். பிரான்சில் கட்டிய உடனே உரிமத்தில் இருக்கும் புள்ளிகளிலிருந்து கழிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை. ஜெர்மனியில் பிளென்ஸ்பர்க் நகரிலுள்ள பதிவேட்டில் எட்டுப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகிறது. இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒன்பது புள்ளி வைத்திருப்பவருக்கு அபராதத் தொகை ஒரு பொருட்டே இல்லை. அதோடு சேரும் மூன்று புள்ளிதான் அவருடைய வேலையையே தீர்மானிக்கும். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் கட்டுவதற்கு முன் தங்கள் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சலுகை கிடைக்கிறதே என்று அவசரப்பட்டுக் கட்டிவிட்டு வேலையை இழந்தால் அந்தச் சலுகையால் என்ன பயன்?

இரண்டாவது, செய்தி உண்மையானதா என்று பார்ப்பது. அபராதம் நிலுவை என்று குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் இணைப்பு அனுப்பி, அதைத் தொட்டவரின் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், போக்குவரத்துத் துறையின் தளத்தைத் தானே தேடித் திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது ஒன்றே பாதுகாப்பான முறை. மோசடிக்குப் பயந்து எல்லாச் செய்திகளையும் அழித்துவிடுகிறவர்கள், அவற்றுக்கு இடையில் வந்த உண்மையான அறிவிப்பையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அவர்களும் தெரியாமலேயே நான்காவது வழிக்குள் போய்விடுகிறார்கள்.

மறுப்பது

கோபத்துக்காக மறுப்பதையும் ஆதாரத்தோடு மறுப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாரும்தான் அப்படிப் போகிறார்கள், அவர்களை ஏன் பிடிக்கவில்லை என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடுவதில்லை. அது நியாயமான மனக்குறையாகக்கூட இருக்கலாம். ஆனால் தன் மீதுள்ள குற்றச்சாட்டுக்கு அது பதிலாகாது. மாறாக, படத்தில் உள்ள வண்டி தன்னுடையதே இல்லை, அன்று வண்டி விற்கப்பட்டுவிட்டது, ஓட்டியவர் வேறு ஒருவர், அறிவிப்புப் பலகை மரக்கிளையால் மறைந்திருந்தது, ஆம்புலன்சுக்கு வழிவிட நிறுத்தக்கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது என்பவை எல்லாம் கேட்கப்படக்கூடியவை.

எண் பலகையைத் தானாகப் படிக்கும் கேமராக்கள் தவறுவதுண்டு. ‘8’ என்ற எண்ணையும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தையும், சுழியத்தையும் ‘ஓ’ எழுத்தையும், ஆணி அடித்த இடத்தை ஒரு கோடாகவும் அவை மாற்றிப் படிக்கலாம். ஒருவருடைய பதிவு எண்ணைத் திருடித் தன் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிபவர்களும் இருக்கிறார்கள். அதனால் மறுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே, அபராதத்தோடு உள்ள படத்தை முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். வண்டியின் நிறம், மாடல், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், முன்பக்கக் கீறல், படத்தில் தெரியும் நேரம், இடம் ஆகியவற்றைத் தன் வண்டியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே மாடல், ஒரே நிறம் என்றாலும் பின்பக்கம் பொருத்திய கம்பியோ சக்கர மூடியோ வேறாக இருக்கும். அந்த ஒரு வேறுபாட்டைத் தன் வண்டியின் படத்தோடு இணைத்து அனுப்பினாலே பல வழக்குகள் விசாரணைக்குப் போகாமல் கைவிடப்படுகின்றன.

நடைமுறைக் குறைகளும் பாதுகாப்பாக அமையலாம். இங்கிலாந்தில் வேக மீறலுக்கான முதல் அறிவிப்பு பதிவு உரிமையாளருக்கு 14 நாட்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்பில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும், கேமராவுக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும் என்றும், கண்காணிப்பு நடப்பதைச் சாலையில் பலகை வைத்துத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவற்றை எழுப்ப வேண்டிய இடம் விசாரணை. அறிவிப்பு தாமதமாக வந்ததே என்று தன் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் அந்தக் குறை யாருடைய கோப்பிலும் பதிவாகாது.

மறுப்பதற்கும் விலை உண்டு. இத்தாலியில் மாவட்ட ஆட்சியருக்கு நிகரான அதிகாரியிடம் முறையிட்டுத் தோற்றால் குறைந்தபட்ச அபராதத்தின் இரு மடங்குக்குக் குறையாமல் கட்ட வேண்டும்; இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போய்த் தோற்றால் வழக்குச் செலவும் சேரும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் காத்திருப்பதும் செலவுதான். மறுப்பவர் கெடுவில் கண்ணாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து இரண்டு வாரம், பிரான்சில் 45 நாள். அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் எவ்வளவு வலுவான ஆதாரமும் பெரும்பாலும் வீண். இங்கிலாந்தின் நிறுத்தல் அபராதங்களில் ஓர் இதமான ஏற்பாடு இருக்கிறது: முதல் 14 நாட்களுக்குள் மறுத்து அது ஏற்கப்படாமல் போனாலும் பாதித்தொகைச் சலுகை பெரும்பாலும் மறுபடி தரப்படுகிறது. இத்தகைய ஏற்பாடு உள்ள இடங்களில், ஆதாரம் ஓரளவு இருந்தாலே விரைந்து மறுத்துப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

கட்ட முடியவில்லை என்று சொல்வது

நான்கு வழிகளில் மிகக் குறைவாக அறியப்பட்டதும், உண்மையில் விட்டுவிடுபவர்களில் பலருக்குத் தேவைப்படுவதும் இதுதான். அபராதத்தை மறந்து விட்டுவிடுபவர்களைப் போலவே, கையில் பணம் இல்லாததால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவர்களும் ஏராளம். அவர்களுடைய மௌனத்தை அலுவலகம் அலட்சியம் என்றே பதிவு செய்கிறது.

அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் மிசௌரி மாநிலத்தின் பெர்குசன் நகரக் காவல்துறையையும் நகர நீதிமன்றத்தையும் பற்றி வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-இல் அவர் ஒரே ஒருமுறை தவறான இடத்தில் காரை நிறுத்தினார். இரண்டு சீட்டுகள், 151 டாலர் அபராதம், மேற்கட்டணங்கள். வறுமையில் இருந்த அவர், சில காலம் தங்க வீடுகூட இல்லாமல் இருந்தார். விசாரணை நாளையோ தொகை கட்டும் நாளையோ தவறவிட்டதற்காக அவர் மீது ஏழு ‘ஆஜராகத் தவறிய’ குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியாணை, ஒவ்வொன்றுக்கும் புதிய அபராதம். இரண்டு முறை கைதாகி, ஆறு நாட்கள் சிறையில் இருந்தார். 25 டாலரும் 50 டாலருமாகப் பகுதித் தொகை அனுப்பியபோது, முழுத்தொகை மட்டுமே ஏற்கப்படும் என்று நீதிமன்றம் அவற்றைத் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பர் வரை அவர் 550 டாலர் கட்டியிருந்தார். இன்னும் 541 டாலர் பாக்கி இருந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போது பழியை அந்தப் பெண் மீது போட எனக்கு மனம் வரவில்லை. தவணையை ஏற்காத நீதிமன்றம்தான் 151 டாலரை ஏழாண்டுத் துன்பமாக்கியது. இத்தனைக்கும், கட்ட வசதியே இல்லாத ஒருவரை, அவர் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தாரா என்று விசாரிக்காமல், கட்டாத காரணத்துக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-லேயே, பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில், தீர்ப்பளித்திருந்தது. உரிமை தாளில் இருந்தது. அதைக் கேட்பதற்கான வழி அவருக்கு யாராலும் காட்டப்படவில்லை.

பெர்குசனுக்குப் பின் சில இடங்களில் நிலைமை மாறியிருக்கிறது. கலிபோர்னியா 2017-இல், போக்குவரத்து அபராதம் கட்டாத காரணத்துக்காக உரிமத்தை நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. வருமானத்தைக் காட்டி அபராதத்தைக் குறைக்கவோ தவணையாக்கவோ கோரும் வழியும் அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் நீதிமன்ற அபராதத்துக்குத் தவணை கேட்கலாம். ஜெர்மனியில் அபராதம் கட்டாதவரை வற்புறுத்துவதற்காக, ஓர் அபராதத்துக்கு ஆறு வாரம் வரை, காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். காவலில் இருந்துவிட்டு வந்தாலும் அபராதம் கழிவதில்லை. ஆனால் கட்ட வசதியில்லை என்பதை உரிய நேரத்தில் எடுத்துக்காட்டியவர் மீது அந்த உத்தரவைப் பிறப்பிக்க முடியாது. வசதியற்ற இருவரில் ஒருவர் கடிதம் எழுதுகிறார், இன்னொருவர் எழுதவில்லை. இரண்டாமவருக்கு மட்டுமே சிறைக்கதவு திறக்கிறது.

அவகாசம் கேட்பவர் அதைக் கெடு முடிவதற்கு முன், எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை நாளை நிரூபிக்க முடியாது. மாத வருமானம், வாடகை, கடன், மருத்துவச் செலவு ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் சொல்லி, சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கின் நகலோ இணைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் தானே குறிப்பிடுவது நல்லது. கட்ட முடிகிற சிறிய தொகையையே சொல்ல வேண்டும். பெரிதாக ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால், முதலில் கேட்காமலே இருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

தள்ளுபடிக்காகக் காத்திருப்பது

நிலுவைக்கு என்றாவது தள்ளுபடி அறிவிப்பார்கள், அதுவரை பொறுத்திருக்கலாம் என்பதுதான் விட்டுவிடுபவர்களின் வலுவான வாதம், இதை ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச்சில் தெலங்கானாவில் இருசக்கர வாகனங்களின் நிலுவைக்கு 75 சதவீதத் தள்ளுபடி கிடைத்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் 50 சதவீதம். இந்தியாவில் அவ்வப்போது கூடும் மக்கள் நீதிமன்றங்களிலும் சமரசத்துக்குரிய சலான்கள் குறைந்த தொகைக்கு முடித்துவைக்கப்படுகின்றன. மக்கள் நீதிமன்றங்களுக்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. காத்திருந்தவர்களுக்கு ஆதாயம் கிடைத்தது உண்மை. உரிய நேரத்தில் முழுத்தொகை கட்டியவர்களுக்கு அது அநீதி என்றும் நான் நினைக்கிறேன்.

ஆனாலும் இதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. தள்ளுபடி எப்போது வரும், எந்தக் குற்றங்களுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. குடிபோதையில் ஓட்டியது போன்ற கடுமையான குற்றங்களுக்குச் சமரசமே கிடையாது. காத்திருக்கும் இடைக்காலத்தில் வண்டியை விற்க முடியாமலும், வழியில் நிறுத்தும்போதெல்லாம் பழைய கணக்குக்குப் பதில் சொல்லியும் கழிக்க வேண்டும். மக்கள் நீதிமன்றத்துக்கான நாள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டு, தன் சலான் அங்கே ஏற்கப்படும் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த நாளுக்காகச் சில வாரம் காத்திருப்பது நியாயமான தேர்வு. என்றாவது ஒருநாள் அறிவிப்பார்கள் என்று இருப்பதும் விட்டுவிடுவதும் ஒன்றுதான்.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்களுக்கு

இதுவரை சொன்னவை சீட்டு புதிதாக வந்தவர்களுக்கு. பழைய பாக்கிகள் சேர்ந்துவிட்டவர்கள் சிறிய தொகையிலிருந்து தொடங்குவதையோ பழையதிலிருந்து தொடங்குவதையோ பார்க்கிறேன். இரண்டுமே சரியான வரிசை இல்லை. பிடியாணை அல்லது நீதிமன்ற அழைப்பு உள்ளவற்றை முதலிலும், உரிமத்தையோ பதிவையோ முடக்கியிருப்பவற்றை இரண்டாவதாகவும், வெறும் பண பாக்கியை மூன்றாவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வகைக்கு ஒரு வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ பார்த்துவிட்டு நீதிமன்றத்துக்குத் தானாகவே போவது நல்லது. தேடிப்பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் தானே வந்து நின்றவரையும் நீதிபதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அறிவிப்பே கைக்கு வராமல் தீர்ப்பாகிவிட்டது என்றால் அதற்கும் பரிகாரம் உண்டு. இங்கிலாந்தில், வழக்கு நடந்ததே தெரியாது என்று, தெரியவந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் சட்டப்படி உறுதிமொழி கொடுத்தால், தீர்ப்பு நீங்கி வழக்கு மறுபடி தொடக்கத்துக்கு வருகிறது. வேறு பல நாடுகளிலும் இதை ஒத்த மனு இருக்கிறது. ஆனால் அந்தக் கெடு, விஷயம் தெரிந்த அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. தெரிந்த பிறகும் தள்ளிப்போடுபவருக்கு அது உதவாது.

வண்டியை விற்றுவிட்டவர்களும் தங்கள் பெயரில் ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெயர் மாற்றம் முடியாதவரை அறிவிப்புகள் எல்லாம் பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் வரும். 2018-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு விபத்து வழக்கில், வண்டி பல கை மாறியிருந்தபோதும், பதிவேட்டில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று முடிவாயிற்று. விற்ற ஒப்பந்தத்தின் நகலையும், வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதி வாங்கியவர் கையெழுத்திட்ட தாளையும் வைத்திருப்பவர், அதன் பின் வரும் அபராதங்களை மறுக்கலாம். அவை இல்லாதவர் யாரோ ஓட்டிய வண்டிக்குத் தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

எல்லாம் கட்டி முடித்த பின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பணம் கட்டியதாலேயே நிறுத்தப்பட்ட உரிமம் தானாக உயிர்பெற்றுவிடுவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அதை மீட்கத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் தேவை. ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, சில நாள் கழித்து அதே தளத்தில் வண்டி எண்ணையும் உரிம எண்ணையும் போட்டு, நிலுவை நீங்கியிருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே சாவியை எடுக்க வேண்டும். நிலுவை இன்னும் காட்டினால் ரசீதின் நகலோடு எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கான ஒப்புகை எண்ணை வாங்கி, அந்த எண்ணை ரசீதோடு சேர்த்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.